தலைமை நிர்வாக அதிகாரி: பதவியும் அதற்கு முந்திய இருபது ஆண்டுகளும்

பள்ளிகளின் தொழில் வழிகாட்டி நிகழ்ச்சிகளில் உரையாற்றச் செல்லும்போதெல்லாம் ஒரு வினா தவறாமல் எழுகிறது. சென்ற ஆண்டு உயர்நிலை மூன்றில் பயிலும் மாணவர் ஒருவர் அதனைத் தயக்கமின்றிக் கேட்டார்: “ஐயா, தலைமை நிர்வாக அதிகாரி ஆவதற்கு நான் என்ன படிக்க வேண்டும்?” அருகில் அமர்ந்திருந்த தமிழாசிரியை என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். இதே வினாவைத் தாமும் பலமுறை எதிர்கொண்டிருப்பதாகவும், வணிகவியல் என்று சொல்லி அனுப்பிவிடுவதாகவும் பின்னர் என்னிடம் கூறினார். அன்று நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. இக்கட்டுரை அந்த விடையைச் சற்று விரிவாகச் சொல்லும் முயற்சி.

மருத்துவராக விரும்பும் மாணவருக்கு வழி சொல்வது எளிது. இன்ன பாடங்கள், இன்ன மதிப்பெண்கள், இத்தனை ஆண்டுப் பயிற்சி, பிறகு மருத்துவ மன்றத்தின் பதிவு. வழக்குரைஞருக்கும் கணக்காய்வாளருக்கும் அத்தகைய ஏணி உண்டு. தலைமை நிர்வாக அதிகாரி என்னும் பெயருக்கோ பட்டமும் இல்லை, தேர்வும் இல்லை, உரிமமும் இல்லை. சிங்கப்பூரில் பதினெட்டு வயது நிரம்பியவர், நிறுவனப் பெயருக்கு 15 வெள்ளியும் பதிவுக்கு 300 வெள்ளியும் செலுத்தி, ஒரு வெள்ளி மூலதனத்தில் ஒரு தனியார் நிறுவனத்தைத் தொடங்கிவிடலாம். அன்று மாலையே முகவரி அட்டையில் தம்மைத் தலைமை நிர்வாக அதிகாரி என்று அச்சிட்டுக்கொண்டாலும் தடுப்பார் எவருமில்லை. பெயர் மட்டும் வேண்டுமென்றால் அதன் விலை இவ்வளவுதான். மாணவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. ஆயினும் அவர்கள் மனத்தில் இருப்பது அந்த அட்டை அன்று. ஆயிரக்கணக்கானோர் பணிபுரியும் நிறுவனத்தை நடத்தும் பொறுப்பே அவர்கள் கருதுவது. அதனை ஒருவர் தமக்குத் தாமே அளித்துக்கொள்ள இயலாது. பிறர் அளிக்க வேண்டும். யார் அளிக்கிறார்கள், எதைப் பார்த்து அளிக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குவதே முறை.

சட்டம் சொல்வது

சிங்கப்பூரின் நிறுவனச் சட்டம் இப்பதவியை வரையறுத்துள்ளது. எப்பெயரால் அழைக்கப்பட்டாலும், ஒரு நிறுவனத்தின் தொழிலை நடத்துவதற்கும் நிர்வகிப்பதற்கும் முதன்மைப் பொறுப்பேற்றிருப்பவரே தலைமை நிர்வாக அதிகாரி என்பது அதன் சாரம். நிர்வாக இயக்குநர், தலைவர், பொது மேலாளர் என்று பெயர்கள் மாறலாம்; பொறுப்பு எவரிடம் உள்ளது என்பதையே சட்டம் பார்க்கிறது. அதே சட்டத்தின் வேறோர் இடம் அத்துணை மாணவர்களின் கவனத்துக்கு வருவதில்லை. நிறுவனத்தின் தொழில் இயக்குநர்களால், அல்லது அவர்களுடைய பணிப்பிலோ மேற்பார்வையிலோ நடத்தப்பட வேண்டும் என்கிறது அது. அதாவது, உச்சியில் தனியே நிற்பவராக நாம் கற்பனை செய்யும் மனிதருக்கு மேல் ஓர் இயக்குநர் சபை உள்ளது. அச்சபை அவரை நியமிக்கிறது, ஊதியத்தை முடிவு செய்கிறது, தேவையெனில் விலக்குகிறது. பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனங்களுக்கான 2018ஆம் ஆண்டு ஆளுகைக் கோட்பாடு, சபைத் தலைவரும் தலைமை நிர்வாக அதிகாரியும் வெவ்வேறு நபர்களாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. நிறுவனம் உள்ளூர் வங்கியாக இருப்பின், நியமனத்துக்குச் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் ஒப்புதலும் தேவை.

“யாருக்கும் கீழே வேலை செய்ய எனக்குப் பிடிக்காது, அதனால்தான் தலைமை நிர்வாக அதிகாரி ஆக விரும்புகிறேன்” என்று சொல்லும் மாணவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு இப்பகுதியை ஒரு முறைக்கு இரு முறை விளக்குவது நலம். ஒரு மேலாளருக்கு ஒரு மேலதிகாரி. தலைமை நிர்வாக அதிகாரிக்கோ சபை உறுப்பினர்கள் பத்துப் பேர், பங்குதாரர்கள் பல்லாயிரவர், கண்காணிக்கும் அரசு அமைப்புகள், தொழிற்சங்கம், வாடிக்கையாளர்கள், செய்தியாளர்கள்.

உணவங்காடிக் கடையில் ஒரு பாடம்

இயக்குநர் சபை வேட்பாளரிடம் எதிர்பார்ப்பவற்றுள் மாணவர்கள் பெரும்பாலும் அறியாத ஒன்றை இங்கே விளக்க விரும்புகிறேன். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டெழுத்துச் சுருக்கம் உண்டு. தமிழில் இலாப நட்டப் பொறுப்பு என்று சொல்லலாம். பெரிய நிறுவனத்தை எண்ணிக்கொண்டு இதனைக் கற்பிப்பதைவிட, நம் பேட்டையின் உணவங்காடிக் கடையை எண்ணிக்கொள்வது எளிது.

ஒரு கோழிச்சோற்றுக் கடைக்காரர் நாளொன்றுக்கு 200 தட்டுகள், தட்டு 4 வெள்ளி வீதம் விற்கிறார் என்று கொள்வோம். வரவு 800 வெள்ளி. ஒரு தட்டுக்குரிய அரிசி, கோழி, எண்ணெய் முதலியவற்றுக்கு 1 வெள்ளி 60 காசு, ஆகமொத்தம் 320. வாடகை, உதவியாள் கூலி, எரிவாயு, மின்சாரம் எல்லாம் சேர்த்து 280. மிச்சம் 200. ஒரு நாள் கோழி விலை ஏறி, ஒரு தட்டின் பொருள்செலவு 2 வெள்ளியாகிறது. விலையை மாற்றாமலிருந்தால் மிச்சம் 120 ஆகச் சுருங்கும். விலையை 4 வெள்ளி 50 காசாக உயர்த்தினால் முப்பது பேர் வேறு கடைக்குப் போய்விடக்கூடும். அப்போது 170 தட்டுகள், வரவு 765, பொருள்செலவு 340, நிலையான செலவு அதே 280, மிச்சம் 145. கணக்கு விலையை உயர்த்தச் சொல்கிறது. ஆனால் போன முப்பது பேர் திரும்புவார்களா? அவர்களுள் நாள்தோறும் வரும் முதியவர்கள் எத்தனை பேர்? உதவியாளின் வேலை நேரத்தைக் குறைத்தால் விலையை ஏற்றாமல் தப்பலாமா? அப்படிக் குறைத்தால் அந்த உதவியாள் நிலைப்பாரா? இவ்வினாக்களுக்கு விடை கணக்கில் இல்லை. கடைக்காரர்தாம் முடிவெடுக்க வேண்டும். முடிவு தவறானால் இழப்பும் அவருடையதே.

வரவும் செலவும் ஒரே கையில் சேர்ந்து, இரண்டின் விளைவுக்கும் ஒருவரே விடை சொல்ல வேண்டிய இந்நிலைதான் இலாப நட்டப் பொறுப்பு. பெரிய நிறுவனத்தில் பணிபுரியும் மிகத் திறமையான பலர் இப்பொறுப்பை ஏற்காமலேயே ஓய்வுபெறுகின்றனர். மனிதவளம், சட்டம், விளம்பரம் போன்ற பிரிவுகளில் ஒருவர் மிக உயர்ந்த நிலையை அடையலாம். அவர் செலவுக்குப் பொறுப்பாளராக இருந்திருப்பார். வரவுக்கு இருந்திருக்க மாட்டார். இயக்குநர் சபை அத்தகையவரைத் தலைமைப் பதவிக்குத் தேர்ந்தெடுப்பது அரிது. முப்பது வயதை ஒட்டிய ஒருவர், தலைமையகத்தில் வசதியான பதவி ஒன்றையும், வெளிநாட்டில் நலிந்த சிறிய கிளை ஒன்றை நடத்தும் பொறுப்பையும் ஒருங்கே பெறும்போது, இந்த வேறுபாடு தெரிந்திருந்தால் அவருடைய தேர்வு வேறாக இருக்கும்.

திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரத்தை அடுத்து ‘தெரிந்து வினையாடல்’ வருகிறது. முன்னது ஒருவரை ஆராய்ந்து நம்புவதையும், பின்னது அவ்வாறு நம்பியவரிடம் அவருக்கேற்ற வினையை ஒப்படைப்பதையும் பேசுகின்றன. வகுப்பறையில் இவ்விரண்டையும் அரசனுக்குரிய அறிவுரையாகவே படித்துக் கடந்துவிடுகிறோம். நிறுவனங்களில் பதவி வழங்கும் முறையோடு பொருத்திப் படித்தால், உயர்நிலை மாணவர்கள் அவற்றை வேறு கண்ணோடு காண்பார்கள் என்பது என் அனுபவம்.

சிலர் நடந்த வழிகள்

கோ சூன் போங் 1990இல் சிங்கப்பூர் ஏர்லைன்சில் சேர்ந்தார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கணினித்துறை பயின்றவர். அதற்கேற்பக் கணினிப் பிரிவிலேயே அவர் நிலைத்திருக்கலாம். ஆனால் சீனாவிலும் ஸ்காண்டினேவியாவிலும் நிறுவனத்தின் செயல்பாடுகளுக்குப் பொறுப்பேற்றார். தகவல் தொழில்நுட்பத்தையும் நிதியையும் கவனித்தார். சரக்கு விமான நிறுவனத்தின் தலைவராக இருந்தார். 2011 ஜனவரி முதல் நாள் தலைமை நிர்வாக அதிகாரி ஆனார். இடையில் இருபது ஆண்டுகள்.

தமிழகத்தின் நாமக்கல் மாவட்டத்து மோகனூரில் பிறந்த ந. சந்திரசேகரன் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பயின்றவர். கோயம்புத்தூரில் பயன்முறை அறிவியலும், திருச்சிராப்பள்ளியில் கணினிப் பயன்பாட்டியலும் கற்று, 1987இல் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். 2009இல் அதன் தலைமை நிர்வாக அதிகாரி. 2017இல் டாட்டா சன்ஸ் நிறுவனத்தின் தலைவர். சேர்ந்ததற்கும் தலைமையேற்றதற்கும் இடையே 22 ஆண்டுகள். தாய்மொழிவழிக் கல்வி ஒருவரை உலக நிறுவனத் தலைமையிலிருந்து விலக்கிவிடும் என்று அஞ்சும் பெற்றோர்க்கு இச்செய்தியை நான் சொல்வதுண்டு. தாய்மொழியில் படித்ததனால்தான் உயர்ந்தார் என்று சொல்லமாட்டேன். அதற்கு என்னிடம் சான்று இல்லை. தடையாக இருக்கவில்லை என்பது மட்டும் கண்கூடு.

எல்லாரும் ஒரே நிறுவனத்தில் வளர்ந்தவர்கள் அல்லர். தெமாசெக்கின் தலைமை நிர்வாக அதிகாரியாக 2021 அக்டோபரில் பொறுப்பேற்ற தில்ஹான் பிள்ளை இருபது ஆண்டுகளுக்கு மேல் வழக்குரைஞராக இருந்தவர். ஆயினும் வழக்காடிய திறத்தை மட்டும் அவர் உடன்கொண்டு வரவில்லை. பெரிய சட்ட நிறுவனம் ஒன்றை நிர்வகிக்கும் பங்காளியாகவும் அவர் இருந்திருக்கிறார். ஒரு நிறுவனத்தின் வரவு செலவை அவர் முன்பே சுமந்து பார்த்தவர்.

பியூஷ் குப்தாவின் வழி இன்னும் வளைந்தது. 1982இல் இந்தியாவில் சிட்டி வங்கியில் சேர்ந்தார். 2000ஆம் ஆண்டையொட்டி, இணைய நிறுவனங்கள் மீது உலகம் மயங்கியிருந்த வேளையில், வங்கியை விட்டு விலகி இணையத் தொழில் ஒன்றைத் தொடங்கினார். அது விரைவில் மூடப்பட்டது. அவர் சிட்டி வங்கிக்கே திரும்பினார். 2009 நவம்பரில் டிபிஎஸ் வங்கியின் தலைமை நிர்வாக அதிகாரி ஆனார். மின்னிலக்க வங்கிச் சேவைக்காக டிபிஎஸ் உலக அளவில் பெயர்பெற்றது அவருடைய காலத்தில்தான். தோற்றுப்போன இணைய முயற்சி அதற்கு உதவியிருக்குமா என்பது நம் ஊகத்துக்குரியது. ஆனால் ஒரு தோல்வி அவருடைய வழியை அடைத்துவிடவில்லை என்பதை மதிப்பெண்ணுக்கு அஞ்சி வாழும் நம் மாணவர்கள் அறிய வேண்டும்.

அவருக்குப் பின் 2025 மார்ச்சில் அப்பொறுப்பை ஏற்ற டான் சு ஷான் அவ்வங்கியின் முதல் பெண் தலைமை நிர்வாக அதிகாரி. தனிநபர் செல்வ மேலாண்மையிலும் பொதுமக்களுக்கான வங்கிச் சேவையிலும் பெயர் பெற்ற அவர், 2019இல் பெருநிறுவனங்களுக்கான பிரிவுக்குப் பொறுப்பேற்றார். மேலே செல்லவிருப்பவரை முதலில் பக்கவாட்டில் நகர்த்தி, பழக்கமில்லாத களத்தில் அவர் எப்படி இயங்குகிறார் என்று பார்ப்பது நிறுவனங்களின் வழக்கம். அதனைப் பதவியிறக்கமாகக் கருதி மனம் சோர்ந்து விலகியவர்களையும் நான் அறிவேன்.

சொந்தத் தொழில் வழியைப் பற்றியும் ஒரு சொல். சிங்கப்பூரின் நிறுவனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சிறிய, நடுத்தர நிறுவனங்களே. ஆகவே தலைமை நிர்வாக அதிகாரிகளுள் மிகப் பெரும்பாலோர் செய்தித்தாளில் இடம்பெறாத சிறு முதலாளிகள். மலேசியாவில் டோனி ஃபெர்னாண்டஸ் 2001இல் ஏர்ஏஷியாவை ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கியது அனைவரும் சொல்லும் கதை. அந்த ஒரு ரிங்கிட்டோடு ஏறத்தாழ 4 கோடி ரிங்கிட் கடனும் சேர்ந்து வந்தது என்பதைச் சொல்வோர் குறைவு.

2020: ஒரு பொறுப்பின் எடை

இப்பதவியில் இருப்பவர் உண்மையில் என்ன செய்கிறார் என்பதை அமைதிக் காலத்தில் காண்பது கடினம். 2020ஆம் ஆண்டு அதனை நமக்குக் காட்டியது.

சிங்கப்பூருக்கு உள்நாட்டு விமானப் பயணம் கிடையாது. எல்லைகள் மூடப்பட்டால் சிங்கப்பூர் ஏர்லைன்சுக்குப் பறக்க இடமே இல்லை. மார்ச் மாத இறுதியில் அது தன் பயணத் திட்டத்தில் 96 விழுக்காட்டைக் குறைத்தது. சில்க்ஏர் உட்பட 147 விமானங்களுள் 138 தரையில் நின்றன. வரவு நின்றாலும் விமானக் குத்தகை, பராமரிப்பு, ஊதியம் எதுவும் நிற்பதில்லை. சில நாள்களுக்குள் 1,500 கோடி வெள்ளி வரை திரட்டும் திட்டம் பங்குதாரர்கள் முன் வைக்கப்பட்டது. பெரும்பான்மைப் பங்குதாரரான தெமாசெக் அதற்குப் பின்துணை நின்றது. டிபிஎஸ் வங்கி 400 கோடி வெள்ளி இடைக்காலக் கடனுக்கு முன்வந்தது. தலைமை நிர்வாக அதிகாரியின் ஊதியம் 30 விழுக்காடு குறைக்கப்பட்டது. அடுத்த நிலை அதிகாரிகளுக்குச் சற்றுக் குறைவான வெட்டு. விமானச் சிப்பந்திகளுள் பலர் மருத்துவமனைகளில் பராமரிப்புத் தூதர்களாகவும், பொது இடங்களில் பாதுகாப்பு இடைவெளித் தூதர்களாகவும் பணிபுரிந்ததை நாம் நேரில் கண்டோம்.

இவை போதவில்லை. செப்டம்பரில் குழுமம் ஏறத்தாழ 4,300 பணியிடங்களை நீக்கப்போவதாக அறிவித்தது. காலியிடங்களை நிரப்பாமல் விடுதல், முன்கூட்டிய ஓய்வு, விருப்பப் பணிவிலகல் முதலியவற்றால் உண்மையில் வேலையிழக்கக்கூடியவர் எண்ணிக்கை ஏறத்தாழ 2,400 ஆகக் குறைந்தது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள 1,900ஐப் பற்றி மாணவர்களோடு பேசும்போது நான் சற்று நேரம் நிற்பேன். தலைமை நிர்வாகத்தின் வேலை அந்த இடைவெளியில் நடக்கிறது. கூடுதலான ஆள்களை வைத்துக்கொண்டால் கையிருப்பு தீரும்; எல்லாரும் வேலையிழக்க நேரும். அளவுக்கு மிஞ்சிக் குறைத்தால், எல்லை திறக்கும் நாளில் விமானமோட்ட ஆளிருக்காது. ஒரு விமானியை ஒரு மாதத்தில் உருவாக்கிவிட முடியாது. எல்லை எப்போது திறக்கும் என்று எவருக்கும் தெரியாத நிலையில் இந்த அளவைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

2020/21 நிதியாண்டில் குழுமத்தின் நட்டம் 427 கோடி வெள்ளி. 2023/24இல் இலாபம் 267 கோடி வெள்ளி; அதுவரை இல்லாத உயர்வு. பின்னதை மட்டும் பார்ப்பவர்கள் அதனைத் தலைமையின் வெற்றி என்கிறார்கள். பெரும்பங்கு முதலீட்டாளரின் ஆதரவு இல்லாத விமான நிறுவனங்கள் எத்தனையோ அக்காலத்தில் திணறின என்பதையும் சேர்த்துப் பார்ப்பதே நேர்மை. வேலையிழந்தவர்களுக்கு அந்த இலாபக் கணக்கு எவ்வித ஆறுதலும் தந்திருக்காது என்பதும் உண்மை.

பொறுப்பின் மற்றொரு முகத்தை டிபிஎஸ் காட்டியது. 2023இல் அதன் மின்னிலக்கச் சேவைகள் பலமுறை முடங்கின. அக்டோபரில் ஏற்பட்ட தடைக்குக் காரணம், வங்கி பயன்படுத்திய தரவு நிலையம் ஒன்றின் குளிரூட்டும் அமைப்பில் நேர்ந்த கோளாறு. அந்நிலையம் வேறொரு நிறுவனத்துக்குரியது. நாணய ஆணையம் ஆறு மாதங்களுக்கு அவ்வங்கியின் இன்றியமையாதன அல்லாத தகவல் தொழில்நுட்ப மாற்றங்களை நிறுத்திவைத்தது. அவ்வாண்டு வங்கி ஈட்டிய இலாபம் மிக உயர்ந்தது. ஆயினும் குப்தாவின் மாறுபடும் ஊதியத்தில் 30 விழுக்காடு, அதாவது 41 இலட்சம் வெள்ளிக்கு மேல், குறைக்கப்பட்டது. அவர் குளிரூட்டியைத் தொட்டவரும் அல்லர், அதைப் பராமரிப்பவரும் அல்லர். “அப்படியானால் இது நியாயமா?” என்று ஒரு தொடக்கக் கல்லூரி மாணவி என்னிடம் கேட்டார். வெட்டுக்குப் பின்னும் அவருடைய அவ்வாண்டு ஊதியம் 112 இலட்சம் வெள்ளி என்று நான் சொன்னதும் அவை சிரித்தது. அத்தகைய ஊதியத்தை நியாயப்படுத்த நிறுவனங்கள் சொல்லும் காரணமே, தாம் செய்யாத தவறுக்கும் அவர் விடை சொல்ல வேண்டியவர் என்பதுதான். ஓர் உதவியாளின் கூலிக்கும் அவருடைய ஊதியத்துக்கும் உள்ள தொலைவு முழுவதையும் அக்காரணம் தாங்குமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. மாணவர்கள் அதை விவாதிக்கட்டும்.

மொழி எங்கே வருகிறது

மொழிக் கழகத்தின் சொற்பொழிவு வரிசையில் இப்பொருள் ஏன் என்று சிலர் எண்ணக்கூடும். ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் மைக்கேல் போர்ட்டரும் நிதின் நோரியாவும் 27 தலைமை நிர்வாக அதிகாரிகளின் நேரத்தை 13 வாரங்கள் தொடர்ந்து பதிவுசெய்து, முடிவுகளை 2018இல் வெளியிட்டனர். அவர்கள் வாரத்துக்குச் சராசரியாக 62.5 மணி நேரம் உழைத்தனர். அதில் 72 விழுக்காடு கூட்டங்களில் கழிந்தது. பிறரோடு தொடர்புகொண்ட நேரத்தில் 61 விழுக்காடு நேருக்குநேர் உரையாடல். ஆகவே கேட்பதும் பேசுவதுமே அப்பணியின் பெரும்பகுதி.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல இடம் தருக. நான் எந்த நிறுவனத்துக்கும் தலைமை நிர்வாக அதிகாரியாக இருந்தவன் அல்லேன். நடுத்தர நிலையில், ஒரு கப்பல் பட்டறையில் ஒரு பிரிவுக்குப் பொறுப்பாளனாக இருந்தேன். நாள்தோறும் காலையில் பாதுகாப்பு விளக்கம் ஆங்கிலத்தில் நடக்கும். கேள்வி உண்டா என்பேன். அனைவரும் தலையசைப்பார்கள். ஒரு நாள் தேநீர் வேளையில், தஞ்சாவூர்ப் பக்கத்து ஊழியர் ஒருவரோடு தமிழில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தேன். பேச்சின் இடையே அவர் சொன்னார்: “சார், பளு தூக்குற பெல்ட் ஒண்ணு ஓரத்துல பிஞ்சு நாலு நாளாச்சு. சொன்னா வேலையை நிறுத்திருவாங்க, எங்களுக்கு ஓவர்டைம் போயிடும்.” நான்கு நாள்களாக அதன் கீழே ஆள்கள் நடந்துகொண்டிருந்தார்கள். பெல்ட்டை உடனே மாற்றினோம். ஓவர்டைம் ஊதியம் குறையாதபடி அன்றைய வேலையை மாற்றியமைக்கவும் வேண்டியிருந்தது. அதைச் செய்யாமல் பெல்ட்டை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த முறை எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அந்தச் செய்தி ஆங்கிலத்தில் என்னை வந்தடைந்திருக்காது. என் தமிழ் சிறந்தது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மேலே செல்லச் செல்லக் கெட்ட செய்தி நம்மை வந்தடையும் வழிகள் அடைபடுகின்றன. அவ்வழிகளைத் திறந்து வைத்திருக்க, எதிரே இருப்பவர் அச்சமின்றிப் பேசக்கூடிய மொழி ஒன்று நம்மிடம் இருக்க வேண்டும்.

தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாய்மொழித் தேர்வுக்காக மாணவரைப் பேசப் பழக்குகிறோம். மற்றவர் பேசியதைக் கேட்டு, அவர் சொன்னதை அவரே ஏற்கும்படி திருப்பிச் சொல்லவும் பழக்கலாம். பத்துப் பக்க அறிக்கையை அரைப் பக்கமாகச் சுருக்கி, அதில் எது முடிவு செய்யப்பட வேண்டியது என்று ஒரே வாக்கியத்தில் எழுதச் செய்யலாம். சுருக்கி எழுதுதல் பழைய பயிற்சிதான். அலுவலகத்தில் எனக்கு மிக அதிகமாகப் பயன்பட்ட பள்ளிப் பாடம் அதுவே.

விலையும் சொல்லப்பட வேண்டும்

வாரம் 62.5 மணி நேரம் என்பது எங்கிருந்தோ எடுக்கப்படும் நேரம். சென்னையில் பிறந்து, சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் கல்கத்தா மேலாண்மைக் கழகத்திலும் யேல் பல்கலைக்கழகத்திலும் பயின்ற இந்திரா நூயி, 2006 முதல் 2018 வரை பெப்சிகோவின் தலைமை நிர்வாக அதிகாரியாக இருந்தார். நிறுவனத்தின் தலைவராகத் தாம் உயர்த்தப்படவிருக்கும் செய்தியோடு இரவில் வீடு திரும்பியபோது, தாயார் முதலில் பால் வாங்கிவரச் சொல்லி அனுப்பியதையும், கிரீடத்தை வாகனக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு வரும்படி சொன்னதையும் அவர் பலமுறை கூறியிருக்கிறார். மேடைகளில் இதனை அடக்கத்துக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. அன்று வீட்டில் கணவரும் இருந்தார்; பால் வாங்க அனுப்பப்பட்டவர் நூயி. மாணவிகளிடம் இப்பதவியைப் பற்றிப் பேசும்போது இந்தப் பகுதியை மறைக்காமல் சொல்ல வேண்டும். மாணவர்களிடமும் சொல்ல வேண்டும். அவர்களுக்கே இது கூடுதலாகத் தேவைப்படும்.

அந்த உயர்நிலை மூன்று மாணவரிடம் திரும்புகிறேன். என் உரை முடிந்த பிறகு அவர் மீண்டும் வந்து நின்றார். என்ன படிப்பது என்று நான் தெளிவாகச் சொல்லவில்லையே என்ற குறை அவர் முகத்தில் தெரிந்தது. எதையாவது நடத்திப் பார்த்ததுண்டா என்று கேட்டேன். தமிழ் மன்றத்தின் பொங்கல் கொண்டாட்டத்தில் தின்பண்டக் கடை ஒன்றை நடத்தியதாகவும், அதில் 42 வெள்ளி நட்டம் என்றும், அதனால் அதைப் பற்றிப் பேசவே விரும்பவில்லை என்றும் சொன்னார். நட்டம் எப்படி வந்தது என்று கேட்டேன். முதலில் மழை என்றார். சற்று நேரம் யோசித்துவிட்டு, மழை பத்து மணிக்குத்தான் வந்தது, அதற்கு முன்பே முறுக்கு விற்கவில்லை என்றார். முறுக்கை எத்தனை பொட்டலம் வாங்குவது என்று யார் முடிவு செய்தார் என்று கேட்டேன். “நான்தான் ஐயா” என்றார். பிறகு, நான் கேட்காமலேயே, சென்ற ஆண்டு எத்தனை விற்றது என்று முந்திய செயலாளரைக் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். தமிழாசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பள்ளிப் பேருந்து கிளம்பும் நேரமாகியிருந்தது. அவர் இன்னும் கணக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்.